பேரிளம்பெண்ணுக்கு அப்பால்: யாழ்ப்பாணத்து மகளிர் மருத்துவ வரலாறு விட்டுச்சென்ற வினாக்கள்

தமிழிற் பெண்ணின் பருவங்கள் ஏழாக வகுக்கப்பட்டுள்ளன. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்பன அவை. பாட்டியல் நூல்கள் இவற்றுக்கு வயதெல்லையும் கூறும். நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டாயினும், 5 வயதிற் பேதைப் பருவம் தொடங்குதலும், 32 முதல் 40 வரை பேரிளம்பெண் எனப்படுதலும் பெருவழக்காகும். நாற்பதுடன் கணக்கு முடிந்துவிடுகின்றது. மூதாட்டி, கிழவி, முதியாள் முதலிய சொற்கள் தமிழில் உளவேனும், அவை முதுமையைச் சுட்டுவனவேயன்றி, நாற்பதுக்கும் முதுமைக்கும் இடைப்பட்ட நீண்ட ஆண்டுகளைச் சுட்டுவன அல்ல. பவனி வரும் தலைவனைக் கண்டு மகளிர் காதல்கொள்ளுதலைப் பாடும் உலா இலக்கியத்தின் தேவைக்கேற்ப அமைந்த பகுப்பு இஃது. ஆதலின் இலக்கணகாரரைக் குறைகூறுதல் பொருந்தாது.

ஆயினும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் மகளிர் மருத்துவ வரலாற்றை ஆராய்வார் அதே எல்லைக்கோட்டை அங்கும் காண்பர். கடந்த 200 ஆண்டுக் காலத்தில் இங்கு எழுந்த மருத்துவ நூல்களும் வைத்தியசாலைகளும் அரச திட்டங்களும் பெண்ணைப் பெரும்பாலும் தாயாகவே கண்டன. கருவுறுதல், பிள்ளை பெறுதல், பிள்ளையை வளர்த்தல் என்பவற்றைச் சூழ்ந்தே அவை அமைந்தன. அவை ஆற்றிய பணி மிகப் பெரிது. அப்பணியின் பயனாகவே இந்நாட்டுப் பெண்கள் இன்று சராசரியாக 80 வயதை அண்மித்து வாழ்கின்றனர். ஆயின், பிள்ளைப்பேற்றுக் காலம் கழிந்த பின் அவர்கள் கேட்கும் வினாக்களுக்கு அவ்வரலாறு போதிய இடம் வகுக்கவில்லை. மாதவிடாய் நிற்றல் ஒரு நோயா? எலும்பு ஏன் எளிதில் முறிகின்றது? அடிவயிற்று நோவைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா? இவ்வினாக்கள் நெடுங்காலம் கேட்கப்படாமலும், கேட்கப்பட்டபோது விடையிறுக்கப்படாமலும் இருந்தமைக்கான காரணங்களை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணத்துக்கு மேனாட்டு மருத்துவம் வருவதற்கு முன்னரே இங்கு வளமானதொரு மருத்துவ மரபு நிலவியது. யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்கள் இதற்குச் சான்றாகும். பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை 1928ஆம் ஆண்டு முதலாகப் பல பகுதிகளாக அச்சிட்டு வெளியிட்டார். அப்பகுதிகளுள் ஒன்று கெர்ப்பரோகத்தையும் பாலரோகத்தையும் ஒருங்கே கூறுவது. தாயின் நோயும் குழவியின் நோயும் ஒரே கட்டில் வைக்கப்பட்டமை அக்கால மருத்துவ நோக்கினைப் புலப்படுத்துகின்றது. சித்த மருத்துவ நூல்கள் பொதுவாகப் பெரும்பாடு, சூதகவாயு, சூதகக்கட்டு முதலான மகளிர் நோய்களை விரித்துரைக்கின்றன. மாதவிடாய் மிகுதலும் தடைப்படுதலும் வலியுடன் வருதலும் அவற்றிற் பேசப்படுகின்றன. ஆயின், அது இயல்பாகவே நின்றுவிடும் பருவம் அத்தகைய தனிக்கவனத்தைப் பெற்றிலது. நோயல்லாத ஒன்றை நோய் நூல் கூறாது விடுதல் ஒருவகையிற் பொருத்தமே. எனினும், நோயல்லாத அம்மாற்றத்தைத் தொடர்ந்து வரும் துன்பங்கள் பேசப்படாது போவதற்கும் அதுவே வழியாயிற்று.

சமூக வழக்காறுகளும் இவ்வாறே அமைந்தன. யாழ்ப்பாணத்திற் பெண்பிள்ளை பெரியபிள்ளையாதல் ஊரறிந்த நிகழ்ச்சியாகும். மாமன் மாமி முறையானோர் தண்ணீர் வார்ப்பதும், ஆராத்தி எடுப்பதும், உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்து உடலைத் தேற்றுவதும் சாமத்தியச் சடங்கின் கூறுகளாகும். பிள்ளை பெற்றவளுக்கும் சரக்குக் கறி முதலாகத் தனிப் பத்தியம் உண்டு. மாதவிடாயின் தொடக்கத்திற்கும் பிரசவத்திற்கும் உணவும் சடங்கும் வகுத்த சமூகம், மாதவிடாயின் முடிவிற்கு ஒன்றும் வகுக்கவில்லை. அது சொல்லாமல் வந்து சொல்லாமற் கழிந்தது.

இம்மௌனத்தை முழுவதும் புறக்கணிப்பு எனக் கொள்ளலாகாது. துடக்கு என்னும் கட்டுப்பாட்டினின்றும் பெண் விடுபடும் பருவம் அதுவே. நாள் எண்ணாது கோயிலுக்குச் செல்லவும், நைவேத்தியம் சமைக்கவும், வீட்டின் நன்மை தீமைகளில் முன்னின்று கருத்துரைக்கவும் அவளுக்கு உரிமை வாய்த்தது. உடலின் தொல்லைகளைப் பேச இடமில்லாதிருந்த அதேவேளை, மதிப்பில் ஓர் உயர்வும் கிடைத்தது. இவ்வுயர்வே தொல்லைகளை மேலும் மறைத்தது எனலும் தகும். குடும்பத்தில் மூத்தவள், மருமக்கள் முன்னிலையில் தன் உடம்பின் நோவைக் கூறுதல் பெருமைக்குக் குறைவெனக் கருதப்பட்டது. கூறியபோதும், ‘வாதம்’, ‘வாய்வு’ என்ற இரு சொற்களுக்குள் யாவும் அடங்கிவிட்டன.

மேனாட்டு மருத்துவம் குடாநாட்டில் வேரூன்றியமை அமெரிக்க மிஷனின் வரவோடு தொடர்புடையது. 1820இல் வைத்தியர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பிற் பணி தொடங்கினார். அவரின் பின் வந்தோருள் தமிழ் மருத்துவ வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார். 1822இற் பிறந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயை நிலைக்களமாகக் கொண்டு இரு காலப்பகுதிகளில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றினார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலும், 1864 முதல் தமிழிலும் மருத்துவம் கற்பித்து அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். தமிழிற் கற்றோர் பிற இடங்களில் உத்தியோகம் தேடிச் செல்லாது தம் மக்களிடையே தங்குவர் என்பது அவர் கருத்து. இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம், மனுஷசுகரணம் முதலிய நூல்கள் அவர் முயற்சியாலும் அவர்தம் மாணாக்கர் துணையாலும் தமிழில் வெளிவந்தன.

அவ்வரிசையில் முற்பட்டனவற்றுள் ஒன்று பிரசவ வைத்தியம் ஆகும். டப்ளின் நகரத்து மோன்செல் என்பாரின் நூலைத் தழுவி 1857இல் வெளிவந்தது அது. அதே 1857இல் இலண்டனில் எட்வேட் டில்ட் என்னும் வைத்தியர், மாதவிடாய் நிற்கும் பருவத்தையே பொருளாகக் கொண்ட நூலொன்றை வெளியிட்டார் என்பது ஈண்டு நோக்கற்பாலது. அப்பருவத்திற்குப் பிரெஞ்சு மொழியில் ‘மெனோபோஸ்’ என்ற பெயரைக் கார்டான் என்பார் 1821இலேயே வழங்கியிருந்தார். மானிப்பாய்க்கு வந்தது முன்னதன் வகையைச் சேர்ந்த நூலேயன்றிப் பின்னதன் வகையைச் சேர்ந்ததன்று. இதற்குக் கிறீனைக் குறைகூற இடமில்லை. பிள்ளைப்பேற்றிற் பெண்கள் மடிந்துகொண்டிருந்த காலத்தில் முதலிற் கைக்கொள்ள வேண்டியது எது என்பதில் ஐயமிருந்திருக்க முடியாது. டில்ட் காலத்து ஐரோப்பிய வைத்தியரும் இரத்தம் வாங்குதல், அபினி கொடுத்தல் என்பவற்றையே பெரிதும் நம்பினர். ஆகவே அந்நூல் தமிழில் வராமையாற் பெரிய மருந்தொன்று இழக்கப்பட்டது என்பதற்கில்லை. இழக்கப்பட்டது ஒரு தலைப்பு. அத்தகையதொரு பருவம் மருத்துவப் பொருளாகும் என்ற எண்ணம்.

பிறிதொரு தடையும் இருந்தது. கிறீனின் மாணாக்கர் ஆண்கள். பிரசவ அறையோ ஊர் மருத்துவிச்சியின் ஆட்சியில் இருந்தது. தமிழில் எழுதப்பட்ட நூலை ஆண்கள் கற்றனர். நோயுற்ற பெண்களோ தம் உடலை ஆண் வைத்தியருக்குக் காட்டுதற்கு நாணினர். மொழித் தடை நீங்கிய பின்னும் பால்வேறுபாடு என்னும் தடை நீங்காதிருந்தது. உயிர் போகும் தறுவாயிலேயே ஆண் வைத்தியர் அழைக்கப்பட்டார் எனின், உயிருக்கு உடனடி ஆபத்தில்லாத உடற்சூட்டையும் நாரி நோவையும் பற்றி எந்தப் பெண் அவரிடம் வாய்திறந்திருப்பாள்?

இத்தடையின் கொடுமையை ஸ்கடர் குடும்பத்தின் வரலாறே எடுத்துக்காட்டும். பண்டத்தரிப்பிற் பணி தொடங்கிய ஜோன் ஸ்கடரின் பேர்த்தி ஐடா ஸ்கடர், தமிழ்நாட்டுத் திண்டிவனத்தில் தந்தையுடன் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டார் தம் மனைவியரின் பேற்றுக்கு உதவுமாறு அவரை வேண்டினர். அவர் அப்போது மருத்துவம் கற்றவரல்லர். தந்தையாரை அழைத்துச் செல்ல அம்மூவரும் உடன்படவில்லை. பெண்கள் மூவரும் இறந்தனர். அந்நிகழ்ச்சியே ஐடாவை மருத்துவம் கற்கத் தூண்டியது என்பது வரலாறு. 1899இற் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், வேலூரில் வைத்தியசாலையையும் 1918இற் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார்.

யாழ்ப்பாணத்திலும் இதே தேவை உணரப்பட்டது. 1880இல் இங்கு வந்து பணியாற்றிய மேரி லீச், மார்கரெட் லீச் என்னும் அமெரிக்கச் சகோதரிகள், மகளிர் வைத்தியசாலை ஒன்றின் பொருட்டுப் பிரித்தானியாவிலே நிதி திரட்டினர். அதன் பயனாக 1898இல் இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த வைத்தியர் இசபெல்லா கேர் அதனை நீண்டகாலம் நடத்தினார். பெண்ணைப் பெண்ணே பரிசோதிக்கும் வைத்தியசாலை குடாநாட்டிற் காலூன்றியமை சிறியதொரு செய்தியன்று. இணுவிலின் பெயரே பல தலைமுறைகளுக்குப் பிரசவத்தோடு இணைந்த பெயராயிற்று. இங்கும் பிரசவமே முதன்மை பெற்றது என்பதும் கருதத்தக்கது.

யாழ்ப்பாண மகளிர் மருத்துவப் பணிக்கெனத் தெரிவுசெய்யப்பட்ட இன்னொருவரின் வரலாறும் அறியத்தக்கது. கனடாவிற் பிறந்து 1896இல் மருத்துவப் படிப்பை நிறைவுசெய்த மேரி அர்வின், யாழ்ப்பாணத் தமிழரான கிறிஸ்மஸ் இரத்தினத்தை மணந்தார். அம்மணம் மிஷனுக்கு உவப்பாயில்லை. அவர் கொழும்புக்குச் செல்ல நேர்ந்தது. யாழ்ப்பாணம் இழந்த மேரி இரத்தினம் நாடு முழுவதற்கும் உரியவரானார். மகளிர் மருத்துவத்தை வைத்தியசாலைச் சுவர்களுக்குள் அடக்காது, உடல்நலக் கல்வி, குடும்பக் கட்டுப்பாடு, பெண்களின் வாக்குரிமை, கிராமியப் பெண்களின் அமைப்பு ஆகியவற்றோடு இணைத்தமை அவரின் தனிச்சிறப்பு. 1930இல் அவர் தொடக்கிய லங்கா மகிளா சமிதி கிராமப் பெண்கள் ஒருங்கு கூடிப் பேசும் களமாயிற்று. அப்பணிக்காக 1958இல் மக்சேசே விருது அவருக்கு வழங்கப்பட்டது. வைத்தியர் விடையளிப்பதற்கு முன், பெண்கள் ஒருவரோடொருவர் பேசி வினாவை உருவாக்குதல் வேண்டும் என்ற உண்மையை அவர் வாழ்க்கை உணர்த்துகின்றது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்துறையை அரசு மேற்கொண்டது. 1926இற் களுத்துறையில் தொடங்கப்பட்ட சுகாதாரப் பகுதி முறை படிப்படியாக நாடெங்கும் பரவியது. பயிற்சி பெற்ற மருத்துவமாது கிராமத்தில் வீடுவீடாகச் சென்றாள். மலேரியா ஒழிப்பு, இலவச மருத்துவம், பெண்கல்வி ஆகியன அதற்குத் துணைநின்றன. 1930களில் ஓரிலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்த இலங்கையில், இன்று அவ்வீதம் ஏறத்தாழ 30 ஆகும். உலகில் மிகச் சில நாடுகளே இத்துணைக் குறுகிய காலத்தில் இத்தகைய மாற்றத்தைக் கண்டுள்ளன.

இம்மாற்றம் பெண்களின் ஆயுளிலே தெளிவாகப் பதிந்துள்ளது. 1946ஆம் ஆண்டளவில் இலங்கைப் பெண்களின் சராசரி ஆயுள் எதிர்பார்க்கை 45 ஆண்டை எட்டவில்லை. ஆண்களினதைவிடக் குறைவாகவும் இருந்தது. குழந்தை மரணங்கள் இச்சராசரியைத் தாழ்த்தினவாதலின், நாற்பத்தைந்துக்கு மேல் எவரும் வாழவில்லை எனப் பொருள்கொள்ளல் தவறாகும். ஆயினும், மாதவிடாய் நின்றபின் முப்பது ஆண்டு வாழ்வது அன்று பொதுவிதியன்று. 1960களிற் பெண்களின் ஆயுள் ஆண்களினதை விஞ்சியது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நாட்டு மக்களுள் நூற்றுக்கு 12.4 பேர் 60 வயதைக் கடந்தோர். அவர்களுட் பெண்களே மிகுதியானோர். பிரசவத்திற் காப்பாற்றப்பட்ட தாய்மாரும் அவர்தம் மகளிருமே இன்று, முன்னைய தலைமுறைகள் பெருந்தொகையாகக் கண்டிராத பருவத்திற் புதிய வினாக்களோடு நிற்கின்றனர். பழைய வெற்றியே புதிய வினாவைப் பிறப்பித்தது.

அவ்வினாக்களுள் முதலாவது, மாதவிடாய் நிற்றல் நோயா என்பது. அன்று என்பதே விடை. பெரும்பாலோருக்கு 45க்கும் 55க்கும் இடையிற் சூலகங்களின் தொழில் ஓய்கின்றது. ஈஸ்திரோசன் என்னும் ஓமோனின் அளவு குறைகின்றது. ஓராண்டு முழுவதும் மாதவிடாய் வராதிருப்பின் அது நின்றுவிட்டதெனக் கொள்வர். திடீரென முகத்திலும் மார்பிலும் வெப்பம் பரவுதல், இரவில் வியர்த்தல், உறக்கம் கெடுதல், மனம் சலித்தல், பிறப்புறுப்பு உலர்தல் என்பன சிலருக்குக் கடுமையாகவும் சிலருக்கு இலேசாகவும் தோன்றும். சிலருக்குத் தோன்றாமலும் இருக்கும். நோயன்று என்பதனால் துன்பமன்று என்றாகிவிடாது. நாற்பது வயதுக்கு முன் நின்றுவிடின் அதனை இயல்பெனக் கொள்ளாது வைத்தியரை நாடுதல் வேண்டும்.

இதற்கான ஓமோன் மருத்துவத்தின் வரலாறு, மருத்துவமும் மிகையுரையும் கலந்தால் நேர்வதைக் காட்டுவது. 1940களில் அமெரிக்காவில் ஈஸ்திரோசன் மருந்துகள் விற்பனைக்கு வந்தன. 1960களில் அவை என்றும் இளமை தருவன என விளம்பப்பட்டன. கருப்பை உடையோர் ஈஸ்திரோசனைத் தனியே உட்கொள்ளின் கருப்பை உட்படலத்திற் புற்றுநோய் மிகும் என்பது 1975இல் வெளியாயிற்று. 2002இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்று, ஈஸ்திரோசனும் புரொஜெஸ்டினும் சேர்ந்த மருந்தினால் மார்புப் புற்றுநோய், இரத்தக்கட்டி முதலியவற்றின் அபாயம் ஓரளவு மிகுதலைக் காட்டியது. உடனே உலகெங்கும் பெண்கள் அஞ்சி மருந்தைக் கைவிட்டனர். அவ்வாய்விற் கலந்துகொண்டோருட் பலர் மாதவிடாய் நின்று நெடுங்காலம் கழிந்தவர்கள் என்பது பின்னர் வலியுறுத்தப்பட்டது. அறுபது வயதுக்கு உட்பட்ட, கடுந்துன்பமுடைய, வேறு தடைகளற்ற பெண்களுக்கு நன்மை மிகுதி என்பதே இன்று பொதுவாக ஏற்கப்படும் கருத்து. எல்லோருக்கும் வேண்டியதுமன்று, எவருக்கும் ஆகாததுமன்று. ஒவ்வொரு பெண்ணின் உடல்நிலையையும் கேட்டறிந்தே முடிவுசெய்தல் வேண்டும். கேட்டறிதல் என்பது இங்கும் முதன்மை பெறுகின்றது.

இரண்டாவது வினா எலும்பு பற்றியது. எலும்பு உயிரற்ற தூணன்று. இடையறாது கரைக்கப்பட்டும் கட்டப்பட்டும் வருவது. கரைத்தலைக் கட்டுப்படுத்தும் ஈஸ்திரோசன் குறையும்போது கட்டுதலினும் கரைதல் மேலோங்குகின்றது. மாதவிடாய் நின்ற முதற் சில ஆண்டுகளில் இவ்விழப்பு மிக விரைவானது. எலும்பு துளைபட்டு நொய்தாகும் இந்நோய்க்கு 1830களில் ஸ்திராஸ்பூர்க் நகரத்து லொப்ஸ்டைன் பெயரிட்டார் எனினும், மாதவிடாய் நிற்றலோடு அதற்குள்ள தொடர்பை 1940களின் தொடக்கத்திற் பொஸ்ரன் நகரத்து புல்லர் ஒல்பிறைற் என்பாரே நிறுவினார். எலும்பின் அடர்த்தியை அளந்து நோயை வரையறுக்கும் அளவுகோலை உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்தது.

இந்நோயின் இயல்பு ஒன்று தமிழ் வழக்கோடு முரண்படுகின்றது. முறிவு நேரும்வரை இது பொதுவாக நோவு தருவதன்று. மூட்டு நோவும் நாரிப் பிடிப்பும் பெரும்பாலும் வேறு காரணங்களால் வருவன. ‘வாதம்’ என்னும் ஒரு சொல்லால் யாவற்றையும் சுட்டும்போது, நோகின்ற மூட்டுக்கு எண்ணெய் பூசப்படுகின்றது. நோகாது கரையும் எலும்போ கவனிக்கப்படாது விடப்படுகின்றது. கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிதலும், பின்னர் இடுப்பெலும்பு முறிதலும், முதுகு கூனி உயரம் குறைதலும் ‘வயதின் கோளாறு’ என ஒதுக்கப்படுகின்றன. இடுப்பெலும்பு முறிந்த முதியவள் படுக்கையிலே நெடுநாட் கிடப்பின் உயிருக்கே ஊறு நேரும்.

குடாநாடு சுண்ணக்கற் பாறைமீது அமைந்தது. கிணற்று நீரும் வன்னீரே. அதனாற் சிறிதளவு கல்சியம் உடலிற் சேரும். ஆயின் அதுமட்டும் எலும்பைக் காவாது. முருங்கையிலை, எள்ளு, குரக்கன், முள்ளோடு உண்ணும் நெத்தலி ஆகியன யாழ்ப்பாணத்துச் சமையலுக்குப் புதியன அல்ல. வெயில் தோலிற் படுதலால் உண்டாகும் விற்றமின் டியும், உடலின் பாரத்தைத் தாங்கி நடத்தலும், விழாது காத்தலும் இன்றியமையாதன. பெரியபிள்ளையானவளுக்கு உழுத்தங்களி கொடுத்த சமூகம், மாதவிடாய் நின்றவளின் உண்கலத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வீட்டில் எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கம் அப்பருவத்திற் பெருந்தீங்காகும்.

மூன்றாவது வினா அடிவயிற்று நோவு பற்றியது. பண்டைய கிரேக்கர், கருப்பை உடலினுள் அலைந்து திரிவதாலேயே பெண்ணின் நோய்கள் உண்டாகின்றன என நம்பினர். அந்நம்பிக்கையிற் பிறந்த ‘ஹிஸ்டீரியா’ என்னும் சொல் பிற்காலத்தில் மனநோயின் பெயராயிற்று. பெண் கூறும் நோவு மனத்தின் கற்பனை என்ற எண்ணம் மேனாட்டு மருத்துவத்தில் நெடுங்காலம் வாழ்ந்தது. கருப்பையின் உட்படலத்தை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே வளர்ந்து கடுநோவு தருவதை அமெரிக்கரான ஜோன் சம்சன் 1920களில் விளக்கிப் பெயரிட்ட பின்னும், அந்நோயை இனங்காணப் பல ஆண்டுகள் செல்லுதல் இன்றும் பல நாடுகளில் வழக்கமாயுள்ளது. நார்க்கட்டி, தொற்று, சூலகக்கட்டி, கருப்பை இறக்கம், சிறுநீர்ப்பை, குடல் ஆகியவற்றின் கோளாறுகள் எனக் காரணங்கள் பலவாம்.

பல பிள்ளைகளைப் பெற்றுக் கடுவேலை செய்த கிராமப் பெண்களிடையே கருப்பை இறக்கம் அரிதன்று. இருமினாற் சிறுநீர் கசிவதையும், அடிவயிறு கீழிறங்குவதுபோல் தோன்றுவதையும் ஆண்டுக்கணக்காக மறைத்து வைத்திருப்போர் உளர். இவை பெண்ணாய்ப் பிறந்ததன் விதியல்ல, பரிகாரமுள்ள நோய்கள். அனைத்தினும் மேலாக ஒன்று அறியப்படல் வேண்டும். மாதவிடாய் முற்றாக நின்றபின் ஒரு துளி இரத்தம் தோன்றினும் அது மாதவிடாய் மீண்டதன்று. பெரும்பாலும் அதன் காரணம் எளியதாகவே இருக்கும். எனினும் கருப்பைப் புற்றுநோயின் முதலடையாளமாகவும் இருத்தல் கூடுமாதலின், தாமதியாது பரிசோதித்தல் வேண்டும். நாணத்தினால் அதனை மறைக்கும் பெண், காக்கக்கூடிய தன் உயிரை இழக்க நேரும்.

இவ்வறிவு குடாநாட்டுக்கு வந்துசேர்ந்த காலம் போர்க்காலமாயமைந்தது. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடமும், 1984இற் சித்த மருத்துவக் கற்கையும் தொடங்கப்பட்டன. 35 வயதைக் கடந்த பெண்களுக்கான சுகவனிதையர் கிளினிக்குகள் 1996இல் இலங்கையில் அறிமுகமாயின. இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பு, கருப்பைக் கழுத்து ஆகியவற்றைப் பரிசோதித்தல் அவற்றின் நோக்கம். தாயாதலைக் கடந்த பெண்ணை அரச மருத்துவம் நேர்நின்று நோக்கிய முதன்மையான முயற்சி இதுவே எனலாம். ஆயின், அதற்கு முந்திய ஆண்டாகிய 1995இன் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையினராக இடம்பெயர்ந்திருந்தனர். மருந்துத் தட்டுப்பாடும் வைத்தியர் பற்றாக்குறையும் நிலவின. குண்டுக் காயமும் பிரசவமும் காத்திருக்கையில், வியர்வையையும் உறக்கமின்மையையும் எவர் கேட்பர்? அன்று முப்பதும் நாற்பதுமாயிருந்த பெண்களே இன்று அறுபதையும் எழுபதையும் எட்டியவர்கள். அவர்களுட் பலர் கணவரைப் போரில் இழந்தவர்கள். பிள்ளைகளைப் புலம்பெயர் நாடுகளுக்கு அனுப்பிவிட்டுத் தனித்து வாழ்பவர்கள். விழுந்தால் தூக்குவதற்கு அருகில் ஆளில்லாதவளுக்கு எலும்பு முறிவு வெறும் மருத்துவச் செய்தியன்று. அதுவே அவள் வாழ்வின் பெரும் அச்சம்.

கிறீனின் கொள்கை இவ்விடத்தில் மீண்டும் நினைக்கற்பாலது. மக்களின் மொழியிற் கூறப்படாத மருத்துவம் மக்களைச் சேராது என்பது அவர் கண்ட உண்மை. எனினும், மொழி என்பது கலைச்சொல் மட்டுமன்று. ‘மாதவிடாய் நிறுத்தம்’, ‘என்பு நலிவு’ போன்ற ஆக்கங்கள் பாடநூலுக்கு வேண்டியவை. ஆயின் இணுவிலிலோ வடமராட்சியிலோ ஒரு பெண் தன் துன்பத்தை அச்சொற்களால் உணர்வதில்லை. ‘உடம்பு கொதிக்குது’, ‘நாரி விட்டுப்போகுது’, ‘அடிவயிறு இழுக்குது’ என்று அவள் கூறுவாள். வைத்தியர் தம் கலைச்சொல்லை அவளுக்குக் கற்பிப்பதற்கு முன், அவள் சொல்லைத் தாம் கற்றல் வேண்டும். ‘வாதம்’ என்று அவள் கூறும்போது மேலும் இரண்டு வினாக்களைக் கேட்டால், அச்சொல்லுக்குள் மறைந்திருப்பது மூட்டழற்சியா எலும்பு நலிவா என்பது புலப்படத் தொடங்கும்.

பல்கலைக்கழகத்திற்கு இதில் உரிய பணி உண்டு. மகளிர் நோய் பற்றிக் குடாநாட்டு முதிய பெண்கள் வழங்கும் சொற்கள், பத்தியங்கள், நம்பிக்கைகள் ஆகியன இன்னும் அவர்கள் நாவில் வாழ்கின்றன. அவர்கள் மறையுமுன் அவற்றைத் தொகுத்தல் தமிழ்த்துறைக்கும், அவற்றின் பொருளை ஆராய்ந்து வினாவிடையாக எளிய தமிழில் வெளியிடுதல் மருத்துவத் துறைகளுக்கும் ஏற்ற பணியாகும். மானிப்பாயில் தொடங்கிய தமிழ் மருத்துவ நூல் வரிசை பிரசவத்தைத் தன் முற்பொருள்களுள் ஒன்றாக எடுத்துக்கொண்டது. அக்காலத்தின் பெருந்தேவை அதுவாயிருந்தது. இக்காலத்தின் தேவை நாற்பதுக்கு அப்பாலுள்ளது. அங்கு நிற்கும் பெண்ணுக்குப் பாட்டியலார் பெயர் வைத்திலர். பெயர் கிடைப்பினும் கிடையாவிடினும், அவள் வினாவைக் கேட்க ஒரு செவியும், அதற்கு விடைகூற ஒரு நூலும் அவளுக்குக் கிடைத்தல் வேண்டும்.